சம்படத்தின் மேல் ஒரு கிலோ கேக்: வீட்டுச் சாமானில் கேக் ஸ்டாண்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆச்சியின் 80ஆவது பிறந்தநாள் அன்று காலை 9:45 மணிக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த அரைக் கிலோ கேக் தட்டோடு சரிந்து தரையில் விழுந்தது. முட்டை சேர்க்காத கேக் அது. ஆச்சி சுத்த சைவம். வீட்டில் செய்த கேக்குகளில் அவர் வாயில் வைக்கக்கூடியது அது ஒன்றுதான். சிவப்பு சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கிரீம் ஒரு முழ நீளத்துக்கு இழுவிக்கொண்டு கிடந்தது. மதினி ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை வரை நின்றுகொண்டே அந்தக் கேக்குக்குக் கிரீமில் பூ வைத்தவர் அவர். தட்டுக்குக் கால் வைத்து ஸ்டாண்டாக ஆக்கியது நான்.

ஒரு நாள் விசேஷத்துக்காக டம்ளரையும் தட்டையும் ஒட்டி ஸ்டாண்ட் செய்வது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் நிற்கவும் செய்கிறது. எங்கள் வீட்டில் ஏன் நிற்கவில்லை, சாயங்காலம் 5 மணிக்குள் என்ன மாற்றினோம், மாற்றியது ஏன் நின்றது என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

முந்தின நாள்

பாளையங்கோட்டையில் அண்ணன் வீடு. வைகாசி வெயில். அறுபது பேர் வருவார்கள் என்று கணக்கு. மதினி வீட்டிலேயே கேக் செய்து பழகியவர். 20 செ.மீ. அகலத்தில் ஒரு கிலோ வெனிலா கேக், 15 செ.மீ. அகலத்தில் ஆச்சிக்கு அரைக் கிலோ கேக், 24 கப் கேக் என்று அவரே பொறுப்பெடுத்துக்கொண்டார். மூன்றடுக்கு ஸ்டாண்ட் ஒன்றை வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தோம். சாயங்காலம் 6 மணிக்குக் கடையிலிருந்து போன் வந்தது. ஸ்டாண்ட் வேறொரு விசேஷத்துக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை என்றார்கள்.

சரி, வீட்டில் இருப்பதை வைத்துச் செய்துவிடலாம் என்று நான் உட்கார்ந்தேன். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் 25 செ.மீ. தட்டு ஒன்றை ஹாட் குளூவால் ஒட்டினேன். டம்ளருக்கு வாய் 7.5 செ.மீ., அடி 5 செ.மீ. கவிழ்த்ததால் அகலமான வாய் மேசையில் இருந்தது, ஒடுங்கிய அடிப்பக்கம் தட்டைத் தாங்கியது. பசை இறுகியதும் தட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். டம்ளரும் கூடவே வந்தது. நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று நம்பினேன். மதினி கேக்கை அதில் ஏற்றி, ஃப்ரிட்ஜின் நடுத் தட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டோடு சேர்த்தே உள்ளே வைத்தார். காலையில் மறுபடி இடம் மாற்றினால் பூ கலைந்துவிடும் என்பது அவர் எண்ணம். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஆச்சியின் பெயர் எழுதிய பக்கம் வாசலைப் பார்க்கட்டும் என்று மதினி தட்டின் ஓரத்தை இரண்டு விரலால் லேசாகத் திருப்பினார். அவ்வளவுதான்.

பசை வளையம்

தரையைத் துடைத்து முடித்ததும் டம்ளரைத் தேடினேன். மேசையில் அப்படியே நின்றது, கவிழ்த்தபடியே. அதன் தலையில் பசை வளையம் இல்லை. வளையம் தட்டின் அடியில் ஒரு பக்கம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் தொட்டவுடன் மோதிரம் கழல்வது போல முழுசாகக் கையோடு வந்தது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். ஒரு முகத்தில் டம்ளர் அடியின் வரம்பு அச்சு அசலாகப் பதிந்திருந்தது. மறுமுகம் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. எங்கும் ஒரு பிசிறு கூடக் கிடையாது. பசை எங்கேயாவது கிழிந்திருந்தால் அது பிடித்திருந்தது என்று அர்த்தம். இது கிழியவே இல்லை. இரண்டு பக்கமும் அச்சுப் பதிந்ததோடு சரி, உலோகத்தை அது பிடிக்கவே இல்லை.

ஹாட் குளூ என்பது உருகிய பிளாஸ்டிக். அட்டை, மரம், துணி போன்றவற்றில் இருக்கும் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கி ஆறும்போது அது நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான எவர்சில்வரில் அது இறங்க இடமே இல்லை. போதாக்குறைக்கு, உலோகம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். பசை பரவுவதற்குள் உறைந்துவிடும். ராத்திரி அறையின் சூட்டில் கொஞ்சம் நெகிழ்வோடு இருந்ததால் தூக்கியபோது தாங்கியது. ஃப்ரிட்ஜின் குளிரில் பசை விறைத்தது. குளிரில் பசை சுருங்கும் அளவுக்கு எவர்சில்வர் சுருங்காது. ஒட்டியிருந்த கொஞ்சமும் அதில் விட்டுப்போனது. காலையில் வெளியே எடுத்ததும் தட்டின் அடியில் முத்து முத்தாக வேர்த்தது. அதாவது ஒட்டாத பசை, அதன் மேல் ஈரம்.

ஆனால் பசையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. பசை நன்றாகப் பிடித்திருந்தாலும் அந்த ஸ்டாண்ட் தப்புதான். இது எனக்குப் புரியத் தாளும் பென்சிலும் தேவைப்பட்டன.

எந்த விளிம்பில் கவிழும்

சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு கவிழ்வது என்றால் ஏதோ ஒரு விளிம்பை அச்சாக வைத்துத்தான் கவிழும். அந்த விளிம்புக்கு உள்ளே இருக்கும் எடை காப்பாற்றும். வெளியே அழுத்தும் எடை கவிழ்க்கும். தட்டும் காலும் ஒட்டியிருந்தால் அந்த விளிம்பு கீழே, கால் மேசையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. ஒட்டவில்லை என்றால் விளிம்பு மேலே, தட்டைக் கால் தாங்கும் இடத்தில் இருக்கிறது.

எங்கள் கேக்கும் அட்டையும் தட்டும் சேர்ந்து சுமார் 800 கிராம். பசை பிடித்திருந்தால் கவிழும் விளிம்பு நடுவிலிருந்து 3.75 செ.மீ. தள்ளி. பசை விட்டுப்போனதால் அது 2.5 செ.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. தட்டின் ஓரமோ நடுவிலிருந்து 12.5 செ.மீ. கணக்குப் போட்டால், தட்டின் ஓரத்தில் 200 கிராம் அழுத்தம் கொடுத்தாலே கவிழும். 200 கிராம் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர். மதினியின் இரண்டு விரலுக்கு அது போதாதா?

சரி, பசை முழுசாகப் பிடித்திருந்தால்? ஓரத்தில் சுமார் 350 கிராம் தாங்கியிருக்கும். கேக்கின் விளிம்பில் கத்தியை வைத்து அழுத்தினால் 800 கிராம் வரைக்கும் தாங்கும். கேக் வெட்டும்போது குழந்தைகளும் பெரியவர்களுமாக நான்கு கைகள் ஒரு கத்தியைப் பிடிக்கும். காலையில் விழாமல் இருந்திருந்தால் சாயங்காலம் ஆச்சியின் கையிலேயே விழுந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இந்தக் கணக்கிலிருந்து கிடைத்த முடிவு ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு மட்டும் செய்யும் ஸ்டாண்டில் ஒட்டுதலை நம்பக் கூடாது. ஒட்டாமல் வைத்தாலே நிற்கும் அகலத்தில் கால் வேண்டும். அதுவும் மேலும் கீழும் ஒரே அகலமாக, நேர்ச் சுவராக இருக்க வேண்டும். டம்ளர், கும்பா, டவரா எல்லாமே ஒரு பக்கம் ஒடுங்கியவை. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஓர் இடத்தில் குறுகிவிடும்.

சம்படம்

மதினி மறுபடி மாவைக் கலக்க ஆரம்பித்தார். அரைக் கிலோ கேக் வேக முக்கால் மணி நேரம், முழுசாக ஆற இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆறாத கேக்கில் கிரீம் தடவினால் உருகி வழியும் என்பதால் அவரிடம் இருந்த நேரமே அவ்வளவுதான். நான் சமையலறை அலமாரியில் நேர்ச் சுவர் உள்ள சாமான் ஒவ்வொன்றையும் இறக்கி ஸ்கேல் வைத்து அளந்தேன்.

முறுக்கு போட்டு வைக்கும் எவர்சில்வர் சம்படம் 18 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், மூடி தட்டையானது. ஒரு கிலோ கேக்குக்கு இதுதான் என்று எடுத்துவைத்தேன். அதற்குள் அரிசியை நிரப்பினேன், இரண்டேகால் கிலோ பிடித்தது. தட்டு கவிழ்வதை அரிசி தடுக்காது. அதைத் தடுப்பது அகலம் மட்டும்தான். அரிசியின் வேலை வேறு. ஓடும் பிள்ளைகள் மேசையை இடித்தாலும், யாராவது விரிப்பைப் பிடித்து இழுத்தாலும் கால் நகராமல் அது இருத்தி வைக்கும்.

மூடியும் எவர்சில்வர், தட்டும் எவர்சில்வர். இரண்டுக்கும் நடுவில் வழுக்கும். இதற்கு வீட்டிலேயே அருமையான சாமான் ஒன்று இருந்தது. மாற்றிப் போட்ட பிறகு தூக்கி எறியாமல் வைத்திருந்த குக்கரின் பழைய கேஸ்கட். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மூடியின் மேல் வைத்து, அதன் மேல் 30 செ.மீ. தட்டை வைத்தேன். தள்ளினால் தட்டு நகர மறுத்தது. சம்படத்துக்கு அடியில், மேசைக்கும் அதற்கும் இடையில், நன்றாகப் பிழிந்த ஈரத்துணி ஒன்றை நான்காக மடித்துப் போட்டேன். காய் நறுக்கும் பலகை நகராமல் இருக்க அடியில் போடுவோமே, அதே துணி.

ஈரமான கேக் அட்டை தட்டில் வழுக்காமல் இருக்கவும் ஒரு வழி செய்தோம். ஃப்ரிட்ஜ் தட்டில் விரிக்கும் ரப்பர் வலை மேட்டிலிருந்து உள்ளங்கை அளவுக்குத் துண்டு வெட்டித் தட்டின் நடுவில் போட்டோம். அட்டை அதன் மேல் உட்கார்ந்தது. கேக்கில் எதுவும் படாது, வெளியே தெரியவும் செய்யாது.

இந்த முறை கேக் வருவதற்கு முன்பே சோதித்தேன். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தட்டின் நடுவில் கேக்குக்குப் பதிலாக வைத்து, ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அசையவில்லை. அதன் மேலேயே இன்னொரு உப்புப் பொட்டலம் வைத்ததும் எதிர்ப்பக்கம் தூக்கப் பார்த்தது. கணக்கும் ஓரத்தில் சுமார் 2 கிலோ என்றுதான் சொன்னது. கேக்கின் விளிம்பு நடுவிலிருந்து 10 செ.மீ., கால் 9 செ.மீ. என்பதால் கத்தியின் அழுத்தம் கிட்டத்தட்ட முழுசும் காலின் மேலேயே இறங்கும். பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு அழுத்தினால்தான் ஆபத்து. அண்ணன் வந்து கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல ஏறி நானே உக்காரலாம் போலயே" என்றான். நான் அவனைத் தொடவே விடவில்லை.

என் அனுபவத்தில், காலின் அகலம் தட்டின் அகலத்தில் பாதிக்குக் குறையவே கூடாது. முடிந்தால் கேக்கின் அகலத்துக்குச் சமமாகவே இருக்கட்டும். அழகுக்குக் கால் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் கடையில் வார்த்த கண்ணாடி ஸ்டாண்டை வாங்குவதே நல்லது. அதில் தட்டும் காலும் ஒன்றாக இணைந்தவை, அடியும் விரிந்திருக்கும்.

கப் கேக்கும் கொலுப்படியும்

கப் கேக்குக்கு இட்லிப் பானையில் வைக்கும் தட்டடுக்கு சரியாக இருக்கும் என்று சித்தி சொன்னார். நடுவில் கம்பி, அதில் நாலு தட்டு, பார்க்கவும் அடுக்கு ஸ்டாண்ட் போலவே இருக்கும். எனக்கும் பிடித்திருந்தது. வைத்துப் பார்த்தால் தட்டுக்குத் தட்டு இடைவெளி நாலு விரல் கூட இல்லை, கிரீம் வைத்த கப் கேக் நுழையாது. ஆனால் ஒவ்வொரு இட்லிக் குழியிலும் ஒரு ரவா லட்டு அச்சாக உட்கார்ந்தது. லட்டு உருளாது, குழியே பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு மேசையில் அதிகம் படம் பிடிக்கப்பட்டது அதுதான்.

கப் கேக்குகளைக் கொலுப்படியில் வைத்தோம். டிரங்குப் பெட்டி, டின், பலகை எது கிடைத்தாலும் அடுக்கி மேலே வெள்ளை வேட்டியை விரித்துக் கொலு வைத்த வீடுகள்தானே நம்முடையவை. மூன்று மணைகளும் பருப்பு நிரம்பிய டப்பாக்களும் மூன்று படிகள் ஆயின. காலி டப்பாவை ஒதுக்கினேன். சித்தி மகன் தெர்மாகோல் கட்டைகள் கொண்டுவந்தான். அது இறகு போல எடையில்லாதது, மின்விசிறிக் காற்றுக்கே நகரும், உரசினால் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிரீமில் ஒட்டும். சாப்பாட்டுப் பக்கத்தில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிறைபடி

ஆச்சியின் கேக்குக்கு என்ன கால் என்பதுதான் கடைசிவரை முடிவாகாமல் இருந்தது. மணி இரண்டரை. புதுக் கேக் ஆறிக்கொண்டிருந்தது. பூஜை அறையில் இருந்த பித்தளைப் படி கண்ணில் பட்டது. 11 செ.மீ. அகலம், நேர்ச் சுவர், வாயைச் சுற்றித் தடித்த வளையம். அரிசியை வாய்மட்டத்துக்கு நிரப்பி மேலே 20 செ.மீ. தட்டு வைத்தால் அரைக் கிலோ கேக்குக்குப் போதும் என்று தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேக்கும் தட்டும் 700 கிராம், கேக்கின் விளிம்பு படியின் விளிம்பைவிட 2 செ.மீ.தான் வெளியே போகிறது. அந்த ஓரத்தில் கிட்டத்தட்ட 2 கிலோ தாங்கும். சம்படத்தின் அளவுக்குப் பலம் இல்லை. அதனால் வெட்டுவது பெரிய கேக்கை மட்டும், இதிலிருந்து ஆச்சிக்கு உள்ளே போய் நறுக்கிக் கொண்டுவருவது என்று பேசி முடிவு செய்தோம்.

கல்யாணத்திலும் வளைகாப்பிலும் குத்துவிளக்குப் பக்கத்தில் நிறைநாழி வைக்கும் ஊர் எங்களுடையது. அரிசி நிறைந்த படியை மேசையில் கொண்டுபோய் வைத்ததும், சாய்வு நாற்காலியில் இருந்த ஆச்சி பார்த்துவிட்டார்.

"ஏட்டி, நிறைபடிய வெறும் மேசையிலயா வைப்பாவ? அடியில இலை போடு."

ஆச்சி சொன்னால் மறுபேச்சு இல்லை. வாழையிலை போட்டோம். போட்டவுடன் எனக்குப் பயம் வந்துவிட்டது. வாழையிலையின் மேற்பரப்பு மெழுகு பூசியது போன்றது. தண்ணீரே அதில் ஒட்டாமல் உருண்டு ஓடும். படியை விரலால் தள்ளினேன், சர்ரென்று போனது. ஈரத்துணியை இலைக்கு அடியில் போடலாம், ஆனால் வழுக்குவது இலைக்கு மேலே. இலையின் மேல் துணி போட்டால் ஆச்சிக்குப் பிடிக்காது.

நான் நின்று யோசிப்பதைப் பார்த்து ஆச்சி மெல்ல எழுந்து வந்தார். பக்கத்தில் இருந்த அரிசிச் சட்டியிலிருந்து இரண்டு கை அள்ளி இலையின் நடுவில் கொட்டி, உள்ளங்கையால் வட்டமாகப் பரப்பினார்.

"கும்பம் வைக்கும்போது என்ன செய்வோம்? அதுமாதிரி வையி."

படியை எடுத்து அந்த அரிசியின் மேல் வைத்து இப்படியும் அப்படியும் திருகி அழுத்தினார். அரிசி விலகிப் படியின் அடிக்குப் பொருந்திக் குழி விட்டது. சுற்றிலும் ஒரு வரப்பு எழும்பி நின்றது. நான் மறுபடி தள்ளிப் பார்த்தேன். அரிசி மணிகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டன, படி நகரவில்லை. மேசை அந்தப் பக்கம் லேசாகச் சாய்வு. ஒரு தம்ளர் தண்ணீரைத் தட்டின் மேல் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டே படியைத் திருகினால், அந்தச் சாய்வையும் அரிசி வாங்கிக்கொண்டது. அகலமான காலுக்காக நான் வீடு முழுவதும் தேடினேன். கும்பத்துக்கு அடியில் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த அரிசி எனக்குத் தோன்றவே இல்லை.

பூ அலங்காரத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. பூக்கட்டுபவர் கொடுத்த சரத்தில் இடையிடையே சிவப்பு அரளி கோத்திருந்தார். அரளி பூவிலிருந்து வேர் வரை விஷம். கேக் பக்கம் அது வரவே கூடாது. சரத்தை அப்படியே வாசல் நிலையில் கட்டிவிட்டோம். படியைச் சுற்றி, அதுவும் கீழே மட்டும், பிச்சிப்பூ வைத்தோம்.

சாயங்காலம்

4:50க்குக் கேக்குகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தோம். தாங்கிகள் எல்லாம் ஏற்கெனவே தம் இடத்தில் நின்றிருந்தன. தட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்தோம். கேக்கை அட்டையோடு இரண்டு கையால் தூக்கி நேராக மேலிருந்து இறக்கினோம். பெயர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை இறக்குவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டோம், அதனால் அதற்குப் பிறகு யாரும் திருப்பவில்லை. மதினி இரண்டாம் முறை வைத்த பூக்கள் முதல் முறையைவிடச் சின்னவை, நேரம் இல்லை. எனக்கு அவை இன்னும் அழகாகத் தெரிந்தன.

கத்தியை ஆச்சி பிடித்தார். அவர் கையை அண்ணன் மகள் பிடித்தாள், அவள் கையை இன்னும் இரண்டு வாண்டுகள் பிடித்தன. சம்படம் இம்மி கூட அசையவில்லை. நான் மூச்சை விட்டதை மதினி பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். முதல் துண்டை வெட்டியதும் பெரிய கேக்கைத் தட்டோடு கீழே இறக்கி உள் மேசைக்குக் கொண்டுபோய் மீதியை நறுக்கினோம். அறுபது பேருக்கு நறுக்கும் வேலையை உயரத்தில் வைத்துச் செய்வது எந்த ஸ்டாண்டுக்கும் நியாயமில்லை.

ஒரு குறை இருந்தது. ஆறரை மணிக்குள் கொலுப்படியில் மேல் வரிசைக் கப் கேக்குகளின் கிரீம் தளர்ந்து சாய ஆரம்பித்தது. அது தாங்கியால் வந்ததல்ல, வெக்கையால். மேல் வரிசை மேசை விளக்குக்கு நேர் கீழே இருந்தது. இன்னொரு முறை செய்தால் கப் கேக்குகளைப் பாதிப் பாதியாக இரண்டு தடவையில் வெளியே எடுப்போம், அந்த விளக்கையும் அணைத்துவிடுவோம்.

ராத்திரி எல்லாவற்றையும் கலைக்கப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. கேஸ்கட் அலமாரிக்குப் போனது, மணைகள் கட்டிலுக்கு அடியில் போயின, சம்படத்து அரிசி பானைக்குத் திரும்பியது.  படியை மட்டும் ஆச்சி எடுக்கவிடவில்லை. விடியும் வரை நிறைபடி இலையிலேயே இருக்க வேண்டும் என்றார். காலையில் அந்த அரிசியையும் இலையில் பரப்பியதையும் சேர்த்துப் பொங்கல் வைத்தார்கள்.